நெருக்கடிக்கு முடிவு நாள் உண்டு, சட்டத்துக்கு?

தொழிலாளர் சட்டம் கற்பித்த ஆண்டுகளில், ஒவ்வொரு புதிய வகுப்பையும் ஒரு கேள்வியோடுதான் தொடங்குவேன். ‘ஓர் அரசு கடனில் மூழ்கிவிட்டது. வெளியிலிருந்து யாரேனும் கைகொடுத்தால்தான் கரையேற முடியும். அந்த நாட்டில் எந்தெந்தச் சட்டங்கள் மாறும்?’ வரிச் சட்டம் என்பார்கள். வங்கிச் சட்டம் என்பார்கள். ஓய்வூதியம் என்று சிலர் சொல்வதுண்டு. தனியார் அலுவலகம் ஒன்றில் 20 ஆண்டுகள் வேலை பார்த்தவரை அனுப்புவதற்கு எத்தனை மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி மாறும் என்று ஒருவரும் சொன்னதில்லை. அரசாங்கத்தின் கடனுக்கும் தனியார் ஊழியரின் முன்னறிவிப்புக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் திகைப்பது நியாயமே. ஆனால், 2010-க்குப் பிறகு தெற்கு ஐரோப்பாவில் நடந்தது அதுதான்.

ஒருமுறை இந்தப் பாடத்தை முடித்தபோது, பின்வரிசை மாணவி ஒருவர் எழுந்து, ‘இப்படி இழந்தவற்றைத் திரும்பப் பெற்ற நாடு ஏதாவது உண்டா?’ என்று கேட்டார். ‘இல்லை, நெருக்கடியில் போனது போனதுதான்’ என்று சற்றும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் பதில் தவறு. எவ்வளவு தவறு, எந்த இடத்தில் மட்டும் சரி என்பதைப் பிந்தைய ஆண்டுகள் எனக்குக் காட்டின. பெருந்தொற்றுக் காலத்தில் நம் நாட்டிலும் இதே கேள்வி எழுந்ததாலும், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டதாலும், அந்த மாணவிக்கு நான் தந்திருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுவது பொருத்தமெனக் கருதுகிறேன்.

கடனும் ஊதியமும்

முதலில் அந்தத் தொடர்பைப் புரிந்துகொள்வோம். சொந்த நாணயம் உள்ள நாடு நெருக்கடிக்கு உள்ளானால், நாணயத்தின் மதிப்பைக் குறைக்கலாம். ஏற்றுமதிப் பொருள்கள் வெளிநாட்டினருக்கு மலிவாகும், விற்பனை கூடும். யூரோவை ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கு அந்த வழி இல்லை. நாணயத்தின் மதிப்பைக் குறைக்க முடியாவிட்டால் நாட்டுக்குள் கூலியையும் விலையையும் குறைத்து அதே விளைவை அடையலாம் என்பது கடன் கொடுத்தவர்களின் கணக்கு. பொருளியலாளர்கள் இதை ‘உள்நாட்டு மதிப்பிறக்கம்’ என்பார்கள்.

அரசு ஊழியரின் ஊதியத்தை அரசே குறைத்துவிடலாம். தனியார் துறையின் ஊதியமோ ஒப்பந்தங்களிலும் சட்டங்களிலும் கட்டுண்டு கிடக்கிறது. எனவே, அதைக் குறைக்க வேண்டுமானால் அந்தக் கட்டுகளைத் தளர்த்த வேண்டும். குறைந்தபட்ச ஊதியம், கூட்டு பேரம், பணிநீக்க இழப்பீடு, முன்னறிவிப்புக் காலம் ஆகியவை கடன் பேச்சுவார்த்தையின் பொருளானது இப்படித்தான். ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நிதியம் ஆகிய மூன்றும் சேர்ந்த ‘ட்ராய்கா’ என்னும் மூவரணி, கடனைத் தவணைகளாகத் தந்தது. ஒவ்வொரு தவணைக்கும் முன்பு நிபந்தனைகள் நிறைவேறினவா என்று சரிபார்த்தது. அந்த நிபந்தனைப் பட்டியலில் தொழிலாளர் சட்டத் திருத்தங்கள் தவறாமல் இடம்பெற்றன.

கிரேக்கம்: மேசையே அகற்றப்பட்ட நாடு

கிரேக்கத்துக்கு 2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ கடனுதவி உறுதியளிக்கப்பட்டது. அதே ஆண்டில், நீண்டகாலம் பணியாற்றிய அலுவலக ஊழியருக்கு 24 மாதம் வரை இருந்த முன்னறிவிப்புக் காலத்தின் உச்சவரம்பு 6 மாதமாகச் சுருங்கியது. 2012-இல் 4 மாதமானது. நிரந்தரப் பணியில் சேர்ந்தவரின் முதல் 12 மாதங்கள் தகுதிகாண் காலமாகக் கருதப்படும் என்றும், அந்தக் காலத்தில் முன்னறிவிப்போ இழப்பீடோ இன்றி அவரை அனுப்பலாம் என்றும் 2010 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது.

இவற்றைவிட ஆழமான மாற்றம் கூட்டு பேரத்தில் நிகழ்ந்தது. நம் வங்கி ஊழியர்களின் ஊதியம் வங்கிக்கு வங்கி தனித்தனியாக முடிவாகாமல், இந்திய வங்கிகள் சங்கத்துடன் செய்துகொள்ளும் இருதரப்பு ஒப்பந்தத்தின்படி அமைவதை வாசகர்கள் அறிவார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் ஏராளமான தொழில்களுக்கு இத்தகைய துறைவாரி ஒப்பந்தங்கள் உண்டு. அரசு ஓர் ஆணை பிறப்பித்து, அந்த ஒப்பந்தத்தைத் துறையிலுள்ள எல்லா நிறுவனங்களுக்கும் விரிவாக்கலாம். துறை ஒப்பந்தமும் நிறுவன ஒப்பந்தமும் முரண்பட்டால் தொழிலாளிக்குச் சாதகமானதே செல்லும் என்பது பழைய கோட்பாடு. கிரேக்கத்தில் 2011-இல் வந்த சட்டம் விரிவாக்க ஆணைகளை நிறுத்திவைத்தது. நிறுவன ஒப்பந்தமே செல்லும் என்றது. தொழிற்சங்கம் இல்லாத நிறுவனத்தில் ஊழியர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் ஒரு குழுவாகச் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும் என்றும் அனுமதித்தது. 2012-இல் கையெழுத்தான நிறுவன ஒப்பந்தங்களில் பெரும்பான்மை இத்தகைய குழுக்கள் செய்துகொண்டவை. வேலையின்மை தலைவிரித்தாடும் ஊரில், முதலாளியின் எதிரே சங்கம் இல்லாமல் அமர்ந்து ‘இசைவு’ தெரிவிப்பவரின் நிலையை விளக்கத் தேவையில்லை.

2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியத்தின் மீது கத்தி விழுந்தது. மாதம் 751 யூரோவாக இருந்தது, 22 விழுக்காடு குறைக்கப்பட்டு 586 யூரோவானது. 25 வயதுக்குட்பட்டோருக்கு 32 விழுக்காடு வெட்டு. அவர்களுக்குக் கிடைத்தது 511 யூரோ. அதுவரை அந்தத் தொகையை நிர்ணயித்தது அரசு அன்று. தொழிலாளர் கூட்டமைப்பும் முதலாளிகள் அமைப்புகளும் பேசி முடிவு செய்யும் தேசியப் பொது ஒப்பந்தமே அதைத் தீர்மானித்தது. வெட்டு வேண்டாம் என்று அந்த இரு தரப்பும் சேர்ந்தே அன்றைய பிரதமர் லூகாஸ் பாபடேமோஸுக்குக் கடிதம் எழுதின. யாருக்காகச் செலவைக் குறைப்பதாகச் சொல்லப்பட்டதோ, அந்த முதலாளிகளே வேண்டாம் என்றார்கள். ஆனால், பேசித் தீர்க்கும் மேசையே அகற்றப்பட்டிருந்தது. 2013-இல் இயற்றப்பட்ட சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை நிரந்தரமாக அரசுக்கு மாற்றியது.

நீதிமன்றமும் பெரிதாக உதவவில்லை. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2014-இல் ஊதிய வெட்டை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு 2012-இலேயே முன்னறிவிப்பில்லாத ஓராண்டுத் தகுதிகாண் காலமும், இளையோருக்கான தாழ்ந்த ஊதியமும் ஐரோப்பிய சமூக சாசனத்துக்கு முரணானவை என்று முடிவு கூறியிருந்தது. ஆனால், அதன் முடிவைத் தானே நிறைவேற்றும் அதிகாரம் அந்தக் குழுவுக்குக் கிடையாது.

கிரேக்கம் கடன் திட்டங்களிலிருந்து வெளியேறியது 2018 ஆகஸ்டில். விரிவாக்க ஆணைகள் அதன் பிறகே மீண்டன. இளையோருக்கான தாழ்ந்த ஊதியம் 2019 பிப்ரவரியில் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்ச ஊதியம் பழைய 751 யூரோவைத் தாண்டியது 2023 ஏப்ரலில். அதாவது 11 ஆண்டுகளுக்குப் பிறகு. இடைப்பட்ட விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டால், அதே தொகையின் வாங்கும் திறன் அதே அளவினதாக இருக்க முடியாது. இதற்கிடையே, கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை ஏதும் இல்லாமலேயே, சில தொழில்களில் ஆறாம் நாள் வேலையை அனுமதிக்கும் விதி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டில் குறிப்பிட்ட நாள்களுக்கு 13 மணிநேர வேலையை அனுமதிக்கும் சட்டம் 2025 அக்டோபரில் நிறைவேறியது. நெருக்கடியில் தொடங்கிய பழக்கம் நெருக்கடி முடிந்த பிறகும் தொடர்கிறது.

போர்ச்சுகல்: நீதிமன்றமும் வீதியும்

போர்ச்சுகல் 2011 மே மாதம் 78 பில்லியன் யூரோ கடனுதவிக்கு ஒப்பந்தமிட்டது. 2012-இல் வந்த தொழிலாளர் சட்டத் திருத்தம் மிகைநேர ஊதியத்தின் கூடுதல் விகிதத்தைப் பாதியாக்கியது. நான்கு பொது விடுமுறைகளை நீக்கியது. குடியரசு நாளும், ஸ்பானிய ஆட்சியிலிருந்து நாடு விடுபட்டதைக் கொண்டாடும் டிசம்பர் முதல் நாளும் அவற்றில் அடக்கம். ஆட்குறைப்பு இழப்பீடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் ஊதியம் என்றிருந்தது முதலில் 20 நாளாகவும் 2013-இல் 12 நாளாகவும் குறைந்தது. குறைந்தபட்ச ஊதியம் 485 யூரோவிலேயே 2014 வரை உறைந்து நின்றது.

இங்கே கூட்டு பேரம் முடங்கியது கிரேக்கத்தைப் போல் நேரடித் தடையால் அன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதலாளிகளிடம் அந்தத் துறையின் தொழிலாளர்களில் பாதிப்பேராவது வேலை செய்தால்தான் விரிவாக்க ஆணை கிடைக்கும் என்று 2012 அக்டோபரில் அரசு ஒரு நிபந்தனை விதித்தது. சிறு நிறுவனங்கள் மலிந்த நாட்டில் அந்த வரம்பை எட்டுவது கடினம். புதிய அல்லது புதுப்பித்த ஒப்பந்தங்களின் பயனைப் பெற்றவர்கள் 2008-இல் ஏறத்தாழ 19 லட்சம் பேர், 2013-இல் 2.5 லட்சத்துக்கும் குறைவு. உரிமை சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. அதை அடையும் வழி மட்டும் குறுகிப்போனது.

ஆயினும், போர்ச்சுகலில் மூன்று தடைகள் அரசின் கையைப் பிடித்தன. ஒன்று, அரசமைப்பு நீதிமன்றம். அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் 13, 14-ஆம் மாத ஊதியத்தை நிறுத்தியது சமத்துவத்துக்கு முரணானது என்று 2012 ஜூலையில் அது தீர்ப்பளித்தது. 2013-இல் பணிநீக்க விதிகள் சிலவற்றையும் செல்லாதவை ஆக்கியது. இரண்டு, வீதி. சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தொழிலாளியின் பங்கை 11 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தி, முதலாளியின் பங்கைக் குறைக்க 2012 செப்டம்பரில் அரசு முயன்றது. செப்டம்பர் 15 அன்று பல நகரங்களில் லட்சக்கணக்கானோர் திரண்டனர், திட்டம் கைவிடப்பட்டது. மூன்று, வாக்குப்பெட்டி. 2015 இறுதியில் அமைந்த புதிய அரசு, 2016-இல் நான்கு விடுமுறைகளையும் மீட்டது; குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக உயர்த்தி 2019-இல் 600 யூரோவுக்குக் கொண்டுவந்தது. 2017-இல் விரிவாக்க ஆணைக்கான பழைய நிபந்தனையும் நீங்கியது.

மீளாதவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீடு பழைய 30 நாளுக்குத் திரும்பவில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற விடுமுறை திரும்பியது. வேலை இழக்கும் நாளில் மட்டுமே ஒருவருக்குத் தெரியவருகிற இழப்பீடு திரும்பவில்லை.

ஸ்பெயின்: ஒரே ஒரு வாக்கு

சீர்திருத்தம் வேண்டும் என்போரின் வாதத்தில் உண்மை இருந்த நாடு ஸ்பெயின். நெருக்கடிக்கு முன்பு அங்கே ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார். நிரந்தர ஊழியருக்கு வலுவான பாதுகாப்பு; தற்காலிக ஊழியருக்கு எதுவுமில்லை. கட்டுமானத் தொழில் சரிந்தபோது முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் தற்காலிகத் தொழிலாளர்களே. நிரந்தர ஊழியரை நீக்குவது எளிதானால் நிறுவனங்கள் அஞ்சாமல் நிரந்தரப் பணி தருவார்கள் என்ற எண்ணத்தில் 2012 பிப்ரவரியில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. முறையற்ற பணிநீக்கத்துக்கான இழப்பீடு ஆண்டுக்கு 45 நாள் ஊதியம் என்பதிலிருந்து 33 நாளாகக் குறைந்தது. ஊதியத்தில் துறை ஒப்பந்தத்தைவிட நிறுவன ஒப்பந்தத்துக்கு முன்னுரிமை கிடைத்தது. காலாவதியான ஒப்பந்தம், புதியது வரும்வரை செல்லும் என்ற பாதுகாப்பு ஓராண்டோடு முடிந்தது.

எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பத்தாண்டுகள் ஆகியும் ஊழியரில் நான்கில் ஒருவர் தற்காலிகமாகவே இருந்தார். பிறகு 2021 டிசம்பரில், அரசும் இரு பெரும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் கூட்டமைப்பும் ஒன்பது மாதங்களுக்கு மேல் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தற்காலிக ஒப்பந்தத்தை எந்தெந்தச் சூழலில் மட்டும் பயன்படுத்தலாம் என்று நேரடியாக வரையறுத்தார்கள்; ஊதியத்தில் துறை ஒப்பந்தத்தின் முதன்மையை மீட்டார்கள்; காலாவதியான ஒப்பந்தத்துக்கு உயிர் தந்தார்கள். 2022 பிப்ரவரி 3 அன்று நாடாளுமன்றத்தில் அது 175-க்கு 174 என்ற கணக்கில், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மின்னணு வாக்கைத் தவறுதலாக அளித்ததால், ஒரே வாக்கில் பிழைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தற்காலிக ஊழியரின் பங்கு நான்கில் ஒன்றிலிருந்து ஏறத்தாழ ஆறில் ஒன்றாகக் குறைந்தது.

இதிலும் குறைகள் உண்டு. பருவகாலத்தில் மட்டும் அழைக்கப்படும் ‘இடைவிட்ட நிரந்தர’ ஊழியர், வேலையில்லாத மாதங்களில் வேலையற்றோர் கணக்கில் வராததால் புள்ளிவிவரம் அழகாகத் தெரிகிறது என்பது ஒரு விமர்சனம். அதில் நியாயம் இருக்கிறது. பணிநீக்க இழப்பீடும் 33 நாளிலேயே நிற்கிறது. முதலாளிகளின் கையெழுத்தைப் பெற, அதைத் தொடாமல் விட்டார்கள். எனினும், மூன்று தரப்பும் ஒரு மேசையில் அமர முடிந்ததால்தான் இந்த அளவாவது சாத்தியமானது.

நீக்குவதற்குப் பதில் பகிர்வது

நெருக்கடி வந்தால் விதிகளைத் தளர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை என்ற கூற்றுக்கு ஜெர்மனி ஒரு மறுமொழி. 2009-இல் அந்த நாட்டின் பொருளாதாரம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. வேலையின்மையோ பெரிதாக உயரவில்லை. காரணங்களில் ஒன்று, ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ எனப்படும் குறைநேர வேலைத் திட்டம். ஆர்டர் இல்லாத தொழிற்சாலை ஆளை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைக்கும். செய்த வேலைக்கு நிறுவனம் ஊதியம் தரும். இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டையும், குழந்தை உள்ளவருக்கு 67 விழுக்காட்டையும் வேலைவாய்ப்பு முகமை ஈடுசெய்யும். 2009-இன் உச்சத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன்கீழ் இருந்தனர். நெருக்கடியில் இந்த உதவியின் காலத்தை 24 மாதம் வரை நீட்டித்தார்கள். நெருக்கடி தணிந்ததும் குறைத்தார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய வேறுபாடு இருக்கிறது. ஜெர்மனி நெருக்கடிக்காகச் செய்த மாற்றத்தில் முடிவு நாளும் எழுதப்பட்டிருந்தது. கிரேக்கத்தில் கடனுக்காகத் திருத்தப்பட்ட விதிகளில் பலவோ, மாற்றி எழுதும்வரை நிலைத்திருக்கும் சாதாரணச் சட்டங்களாகவே இயற்றப்பட்டன. எல்லா நாட்டுக்கும் ஜெர்மனியின் கருவூலம் இல்லை என்பது உண்மைதான். ஆனால், முடிவு நாள் எழுதப் பணம் தேவையில்லை.

பலன் என்ன?

இத்தனை தியாகத்துக்கும் பலன் கிடைத்ததா என்று கேட்பது முறை. கிரேக்கப் பொருளாதாரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2013-இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. இளையோரில் வேலை தேடியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை. ஊதியம் வீழ்ந்த அளவுக்கு விலைகள் வீழவில்லை. ஆகவே, உழைப்பவர் வாங்கும் திறனை இழந்தார். கடைக்காரர் வாடிக்கையாளரை இழந்தார். கிரேக்கத் திட்டத்தில் குறிப்பிடத்தக்க தோல்விகள் இருந்தன என்று பன்னாட்டு நிதியமே 2013-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ஒப்புக்கொண்டது. தொழிலாளர் சந்தை விதிகளைத் தளர்த்துவதால் உற்பத்தித் திறன் உயர்வதற்குப் புள்ளியியல் சான்று கிடைக்கவில்லை என்று 2015-இல் வெளியான அதன் ஆய்வு குறிப்பிட்டது.

மறுபுறம், போர்ச்சுகலில் குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 2013-இல் 16 விழுக்காட்டைத் தாண்டியிருந்த வேலையின்மை 2019-இல் 7 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஊதிய உயர்வால்தான் வேலை பெருகியது என்று நான் சொல்லவில்லை. சுற்றுலா வளர்ந்தது, வட்டி குறைந்தது, ஐரோப்பா முழுவதும் மீண்டெழுந்தது. ஆனால், ஊதியம் உயர்ந்தால் வேலை அழியும் என்ற எச்சரிக்கை அங்கே மெய்ப்படவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

நம் நாட்டில்

இவை தொலைதூரக் கதைகள் அல்ல. 2020 மே மாதம், ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்த நாள்களில், பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களிலிருந்து நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் விலக்களிக்கும் அவசரச் சட்டத்துக்கு உத்தரப் பிரதேச அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேறு சில மாநிலங்களும் அந்த வழியில் நடந்தன. ‘பொது நெருக்கடி’ என்ற பிரிவைப் பயன்படுத்தி குஜராத் அரசு, 12 மணிநேர வேலையை அனுமதித்தது. மிகைநேரத்துக்கு இரட்டை ஊதியம் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. 2020 அக்டோபர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாகும் சூழலையே தொழிற்சாலைகள் சட்டம் பொது நெருக்கடி என்கிறது. பெருந்தொற்றால் வந்த பொருளாதார மந்தம் அதில் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம். வேலை செய்தவர்களுக்கு மிகைநேர ஊதியத்தைத் தரவும் ஆணையிட்டது.

ஒருபுறம் நீதிமன்றம் தற்காலிக ஆணையைத் தடுத்தது. மறுபுறம், அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முன்பு 100 தொழிலாளர்கள் இருந்தாலே ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் வரவேற்கத்தக்க கூறுகளும் உண்டு. பணி நியமனக் கடிதம் கட்டாயமாக்கப்பட்டது அவற்றில் ஒன்று. என் கவலை, இவ்வளவு பெரிய மாற்றம் எந்த மேசையில் பேசப்பட்டது என்பது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசும் இந்தியத் தொழிலாளர் மாநாடு கடைசியாக நடந்தது 2015-இல்.

தமிழ்நாட்டின் அனுபவமும் ஒன்று உண்டு. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்த மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன, பேச்சுவார்த்தை நடந்தது, மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். முன்பே பேசியிருந்தால் பின்பு திரும்பப் பெற நேர்ந்திருக்காது.

மாணவிக்கு என் பதில்

‘இழந்தவற்றைத் திரும்பப் பெற்ற நாடு உண்டா?’ என்ற கேள்விக்கு வருகிறேன். உண்டு. நான் ‘இல்லை’ என்று சொன்ன அன்றே அயர்லாந்து என் பதிலைப் பொய்யாக்கியிருந்தது. மணிக்கு 8.65 யூரோவாக இருந்த குறைந்தபட்ச ஊதியத்தை 2011 பிப்ரவரியில் அங்கே ஒரு யூரோ குறைத்தார்கள்; தேர்தல் வந்து ஆட்சி மாறியது; அதே ஆண்டு ஜூலையில் பழைய தொகை திரும்பிவிட்டது. பிரிட்டனில் தொழில் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்க 2013-இல் கட்டணம் விதித்தார்கள். முறையற்ற பணிநீக்க வழக்கை நடத்தி முடிக்க 1,200 பவுண்டு வரை செலவாகும் என்றானது. வழக்குகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. தொழிற்சங்கம் ஒன்று வழக்காடி, 2017-இல் அந்தக் கட்டணமே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஊதியத்தில் ஏற்பட்ட இழப்பு மீள்கிறது, தாமதமாகவேனும். பேசும் மேசையையும் வழக்காடும் வழியையும் இழந்த இடத்தில் எல்லா இழப்பும் நீடிக்கிறது. கிரேக்கத்துக்கு 11 ஆண்டுகளும் அயர்லாந்துக்கு ஐந்து மாதங்களும் ஆனதற்குக் கடனின் அளவு மட்டுமே காரணம் அன்று.

ஆகவே, நெருக்கடியின் பெயரால் தொழிலாளர் சட்டத்தைத் தொடும் எந்த அரசிடமும் மூன்று உறுதிகளைக் கேட்க வேண்டும். முதலாவது, அந்தத் திருத்தத்திலேயே அதன் முடிவு நாள் எழுதப்பட வேண்டும். அதற்கு மேலும் தேவையென்றால் சட்டமன்றம் மீண்டும் விவாதித்து நீட்டிக்கட்டும். இரண்டாவது, முத்தரப்புப் பேச்சு சட்டத்துக்கு முன்பே நடக்க வேண்டும். மூன்றாவது, ஊதியத்தையோ வேலை நேரத்தையோ மாற்ற நேர்ந்தாலும், சங்கம் அமைக்கும் உரிமையையும் நீதிமன்றக் கதவையும் தொடக் கூடாது. இவற்றில் எதற்கும் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. எனவே, நிதி இல்லை என்ற காரணத்தைச் சொல்லி இவற்றை மறுக்க முடியாது.

அந்த மாணவி இன்று எங்கே பணியாற்றுகிறார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அவர் கண்ணில் படுமானால், அன்று வகுப்பில் நான் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.